வலப்பக்க இறகு

— மூணாவது கட்டத்துக்கு வா ஆர்விட்.

— பொறு ஐரீன். ஒண்ணொண்ணாத்தான் வரணும். இன்னிக்குப் பேப்பர்ல வந்த படக்கதைல முதல் கட்டம். டிடெக்டிவ் டோரன் தெருவுல நடந்து போறான். பின்னாடி ஒரு அடகுக்கடை. பலகைல என்ன பேரு போட்டிருக்கு?

— நீயே சொல்லு. சொல்லாம விடவா போறே?

— ‘ஸ்விண்டல் அண்ட் சன்ஸ்’! ஐம்பத்தெட்டுல, வைரக் கேஸ்ல வந்த அதே கடை! ரெண்டாவது கட்டத்துல ஒரு பால் வண்டி நிக்குது. நம்பர் எழுநூத்திப் பதினாலு. கொள்ளைக்காரன் ‘பாச்சா உருண்டை’ ஃப்ளாயிட் தப்பிச்சு ஓடின வண்டி அது. பேப்பர் வாங்குற அத்தன பேர்ல எவன் இதப் பாத்திருப்பான்? கண்ணு வேணும்மா, கண்ணு!

— மூணாவது கட்டம்.

— வர்றேன்னு சொல்றேன்ல. ஏன் இப்படிக் கால ஆட்டிக்கிட்டே இருக்கே? மேசையே ஆடுது, காப்பியெல்லாம் தட்டுல.

— குளிருது.

— மே மாசம் பொறந்தாச்சு!

— நம்ம ஏரிக்காத்துக்கு அத யாரு சொல்றது?

— அவ கடை திறக்கும்போதே வந்து உக்காந்தாச்சு, ஆர்விட் ராசா. இது நாலாவது காப்பி. ருபார்ப் பை பலகாரம் சூடா இருக்குன்னேன், அதுவும் வேணாங்கிறா.

— பெவ், உன்னை யாராவது கேட்டாங்களா? நீ காப்பி ஊத்து, போதும்.

— சொன்னேன், அவ்வளவுதான் ராசாத்தி.

— சரி, மூணாவது கட்டம். கல்லறைத் தோட்டம். ‘பிக்ஸ்’னு பேரு போட்ட கல்லு. டோரன் தலை குனிஞ்சு நிக்கிறான். எல்லாம் சரி. ஆனா தொப்பில எறகு எங்க இருக்கு பாரு. வலப்பக்கம்! காலையில இதப் பாத்ததும் ரொட்டி இறங்கலை எனக்கு. கம்ப்யூட்டரத் திறந்தா நம்ம ரசிகர் கூட்டம் கொதிக்குது. புதுசா வரைய வந்த பொண்ணுக்கு எறகு எந்தப் பக்கம்னு கூடத் தெரியலைன்னு.

— தெரியாம இல்ல. பால் வண்டி நம்பர் தெரிஞ்சவளுக்கு எறகு தெரியாதா?

— அதத்தான் நானும் யோசிச்சேன். தெரிஞ்சே போட்டிருக்கா. எழுபது வருஷக் கதைல எறகு இடப்பக்கம்தான். எழுபத்திநாலுல ஒரு பதினோரு வாரம் மட்டும் வலப்பக்கம். டோரன உருவாக்கின கெல்லர்மன் கிழவர் கைய ஒடிச்சுக்கிட்டுப் படுத்திருந்தப்போ, வேற எவனோ மறைவா வரைஞ்சது. இவ அதத் தோண்டி எடுத்து நம்மளக் கேலி பண்றா.

— கேலியா? அவளுக்கு அது பிடிச்சிருக்கலாம்ல?

— அத எவனுக்குப் பிடிக்கும்? நான் முப்பது வருஷமா நம்ம ரசிகர் இதழ்ல எழுதுறேனே, நீயும் படிக்கிறியே. வரைஞ்சவன் இடது கைக்காரன். அதான் எல்லாம் பக்கம் மாறி வந்திருக்கு. குடிகாரன் வேற. கோடெல்லாம் நடுங்குது பாரு.

— துக்கத்துல இருக்கிறவன் கோடு நடுங்காம எப்படிப்பா இருக்கும்?

— யாரு துக்கத்துல?

— டோரன். அவனோட கூட்டாளி பிக்ஸ் எழுபத்திநாலுல, எறகு மாறுறதுக்கு முந்தின சனிக்கிழமதான செத்துப்போனான்.

— கூட்டாளி செத்தா எறகு பக்கம் மாறுமா? பெவ்! அந்தக் கவர்ல ஸ்டாம்ப் ஒட்டிட்டேன். பத்து மணிக்குத் தபால் எடுக்க கார்ல் வந்தா மறக்காமக் குடுத்துரு.

— கல்லாப்பெட்டி மேலயே வச்சிருக்கேன், ராசா.

— என்ன கவர் அது?

— சொல்லல உனக்கு? பழைய டோரன் எல்லாத்தையும் புத்தகமாப் போட்டுட்டு வர்றாங்கல்ல, இப்போ எழுபத்திநாலாம் வருஷம். அந்தப் பதினோரு வாரத்தச் சேக்கலாமா, விட்டுரலாமான்னு என்கிட்டக் கேட்டு எழுதியிருந்தாங்க. என்கிட்ட! நான் சொல்றதுதான் முடிவுன்னு.

— நீ என்னன்னு எழுதினே?

— விட்டுருங்கன்னு. ரெண்டு பக்கம் காரணத்தோட.

— ஆர்விட்.

— என்ன?

— அத இன்னிக்கு அனுப்பாத.

— இன்னிக்கு அனுப்பினாத்தான் கெடுவுக்குள்ள போய்ச் சேரும். ஐரீன், ஒண்ணு சொல்றேன் கேளு. இத யாருகிட்டயும் சொன்னதில்ல. என் அப்பா அந்த வருஷம் ஆஸ்பத்திரில கிடந்தாரு. துறைமுகத்துல ஷிஃப்ட் முடிஞ்சதும் நேரா போயி அவருக்கு டோரன் படிச்சுக் காட்டுவேன். கடைசி வாரம் கண்ணாடியப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாரு. ‘இது நம்ம டோரன் இல்லடா, வேற யாரோ’ன்னாரு. வெள்ளிக்கிழம போயிட்டாரு. கடைசியா ஒரு நல்ல டோரன் கூட அந்த மனுஷனுக்குக் கிடைக்கல. அந்தக் குடிகாரன நான் மன்னிக்கணுமா?

— உங்கப்பாவுக்குக் கண்ணு இருந்திருக்கு.

— அது என்ன பேச்சு?

— அது டோரன் தொப்பியே இல்ல. பிக்ஸோட தொப்பி. பிக்ஸ் எப்பவும் எறக வலப்பக்கந்தான் வைப்பான். பழசப் பிரிச்சுப் பாரு.

— பிக்ஸ்… ஆமா. பிக்ஸுக்கு வலப்பக்கம். ஆனா டோரன் அவன் தொப்பிய எங்க எடுத்தான்? எந்தக் கட்டத்துலயும் வரலையே.

— பிக்ஸ் செத்த மறுநாள், ஞாயித்துக்கிழமப் படக்கதையோட மூணு வரிசைல, மேல் வரிசைல இருந்தது.

— மேல் வரிசையா? நம்ம ஊர் பேப்பர்காரன் ஞாயித்துக்கிழம மேல் வரிசைய என்னிக்குப் போட்டிருக்கான்? இடம் பத்தலைன்னு வெட்டித் தூக்கிப் போட்டுட்டு டயர் விளம்பரம் போடுவான்.

— அதான் சொல்றேன், நீ பாக்கல.

— இரு, இரு. என்னை என்ன சின்னப்பிள்ளைன்னு நெனச்சியா? கிழக்கே மெயின்ல இருந்து மேற்கே ஓரிகன் வரைக்கும் பேப்பர் சேக்கிறவன் ஒருத்தன் விடாம எழுதிக் கேட்டாச்சு. அந்த ஒரு ஞாயித்துக்கிழம எல்லாப் பேப்பர்லயும் ரெண்டு வரிசதான். மேல் வரிச எங்கயுமே வரல. நீ எந்தப் பேப்பர்ல பாத்தே?

— பேப்பர்ல பாக்கல.

— கார்ல் வந்துட்டாரு ராசா! கவரக் குடுத்துறவா?

— பெவ், அவருக்கு ஒரு காப்பி ஊத்திக் குடு. என் கணக்குல.

— ஐரீன், அவரு வேலையா நிக்கிறாரு.

— ரெண்டு நிமிஷம் நிக்கட்டும். கேளு. பிக்ஸ் வீட்டு நடை. சுவத்துல ஒரு கொக்கி. அதுல பிக்ஸோட தொப்பி தொங்குது. டோரன் தன்னோடதக் கழட்டி அது மேல மாட்டுறான். பிக்ஸோடத எடுத்துக்கிட்டுப் போறான். வசனம் ஒண்ணு கிடையாது. முகம் கூட வராது, கை மட்டுந்தான். அவ்வளவுதான் மேல் வரிச.

— …இது எப்படி உனக்கு?

— கட்டுப் போட்ட கையோட கிழவர் வந்து பாத்தாரு. ‘என் டோரன் இன்னொருத்தன் தொப்பியப் போட மாட்டான். அழற டிடெக்டிவ எவன் பாப்பான்?’னு கத்தரிய எடுத்து அந்த வரிசைய மட்டும் நறுக்கிக் குப்பைக்கூடைல போட்டாரு. மிச்சத்த அனுப்பிட்டாங்க. அடுத்த வாரம் பூராவும் வரைஞ்சு அனுப்பியாச்சு, எறக மாத்த நேரமில்ல. அப்புறம் மாத்தச் சொன்னப்போ மாத்தல. பிடிவாதம்.

— யாருக்குப் பிடிவாதம்?

— வரைஞ்சவளுக்கு.

— வரைஞ்சவளா?

— இடது கை இல்ல ஆர்விட், வலது கைதான். குடியும் கிடையாது. இருபத்திமூணு வயசு. சிகாகோல மாடி ரூம்ல வாடகைக்கு இருந்தா. வெளியில சொல்ல மாட்டேன்னு எழுதி வாங்கிக்கிட்டாங்க. பன்னண்டாவது வாரம் வேணாம்னுட்டாங்க. ஊரவிட்டு வந்து, கவுண்டி மராமத்து ஆபீஸ்ல முப்பத்தஞ்சு வருஷம் ரோட்டுக்கும் வாய்க்காலுக்கும் வரைபடத்துல கோடு போட்டா.

— கவுண்டி ஆபீஸ்லயா? நம்ம கவுண்டி ஆபீஸ்லயா?

— ஐம்பது வருஷமா ஒருத்தரும் அதப் பத்தி நல்லதா ஒரு வார்த்த சொன்னதில்ல. முகம் தெரியாத ஒரு பொண்ணு இன்னிக்கு அந்தத் தொப்பிய எடுத்து மறுபடியும் டோரன் தலைல வச்சிருக்கா. விடியும்போதே அதப் பாத்துட்டேன். அப்ப இருந்து என்னால உக்கார முடியல, நிக்க முடியல.

— உனக்கு… நீ சும்மா எதையாவது சொல்லாத ஐரீன். முப்பது வருஷம் எழுதியிருக்கேன். எதாவது சாட்சி இருக்கா?

— காப்பி குடிச்சாச்சாம் ராசா, கார்ல் வண்டிய எடுக்கிறாராம். கவரக் குடுக்கவா, வேணாமா?

— ஒன்பது வருஷமா என் வீட்டுக்குச் சீட்டாட வர்றே, வந்ததும் குல்லாவக் கழட்டி நடைல இருக்கிற ஆணில மாட்டுறே, அந்த ஆணிக்கு நேர் மேல, ஒரே கொக்கில ரெண்டு தொப்பி தொங்குற படம் சட்டம் போட்டு மாட்டியிருக்கு, எறகு எந்தப் பக்கம்னு ஒரு நாளாவது பாத்தியா? கண்ணு வேணும் ஆர்விட், கண்ணு.