வெறும் அறையின் சத்தம்

கிட்ட வந்து இருங்கள். சத்தம் போட்டுச் சொல்லுகிற கதை இல்லை இது. எங்கள் றேமண்டின் மச்சான், கொட்டாஞ்சேனை வலன்ரைனுக்கு நடந்தது.

எண்பத்தொன்பதாம் ஆண்டு. பட்டப்பகல் இரண்டு மணி. கொழும்பு வெள்ளவத்தை... காலி வீதியில் ஒரு பஸ் இல்லை, ஒரு நாய்கூட இல்லை. ஊரடங்கு. றெயிலும் ஓடவில்லை. ஊரெல்லாம் பயந்துபோய் உள்ளே கிடக்க, வலன்ரைனுக்கு மட்டும் சந்தோஷம். அவனுக்கு வேண்டியது அமைதிதானே!

அவன் ஒரு படத்துக்கு இசையமைத்துக்கொண்டிருந்தான். முதல் படம். காணாமல் போன மகனின் அறையைத் தாய் திறந்து பார்க்கும் காட்சி. வயலின் போட்டான், டைரக்டர் சவுந்தரநாயகம் வேண்டாம் என்றார். புல்லாங்குழல் போட்டான்... அதுவும் வேண்டாம். கடைசியில் போனில் சொன்னார்:

"அழுகிற மியூசிக் எனக்கு வேண்டாம் தம்பி. ஆளில்லாத அறையின்ர சத்தம் ஒரு நிமிஷம் பதிஞ்சு கொண்டு வாரும். ஊரடங்கு எடுத்த உடனை வரேல்லையெண்டால் வேற ஆளைப் பிடிப்பன்."

வலன்ரைன் இருந்தது ஒரு மாடி அறை. எண்பத்துமூன்றுக் கலவரத்தில் காடையர் வீடு புகுந்த பிறகு வீட்டுக்காரர் கனடா போனதிலிருந்து பூட்டிக் கிடந்தது. இவன் குடிவந்து ஒரு மாதம்தான்.

டேப்பை ஓடவிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் படியில் போய் இருந்தான். ஒரு நிமிடம். திரும்பி வந்து போட்டுக் கேட்டான். மெல்லிய இரைச்சல்... நடுவில் ஒரு மூச்சு.

தன் மூச்சாக்கும் என்று அடுத்த தடவை கீழே வாசல்வரை போய் நின்றான். மூச்சு. பக்கத்துக் கடலாக்கும் என்று ஜன்னல்களை அடைத்தான். மூச்சு. மணிக்கூட்டைக் கொண்டுபோய்க் குளியலறையில் வைத்தான். மூச்சு... இப்போது கொஞ்சம் வேகமாக. வீட்டுக்காரர் விட்டுப்போன பழைய அலுமாரிப் பக்கமிருந்து. திறந்து பார்த்தான். அவனுடைய இரண்டு சேர்ட்டும் பூச்சி உருண்டை மணமும்தான்.

ஏழு தடவை! பற்றரி இறங்கிக்கொண்டிருந்தது. கடையெல்லாம் பூட்டு, வேறு பற்றரிக்கு எங்கே போவது? பயம் வரவில்லை அவனுக்கு, ஆத்திரம்தான் வந்தது. கிடைத்த ஒரே படம் இந்த மூச்சால் கையைவிட்டுப் போகப்போகிறது. அறை நடுவில் நின்று கத்தினான்:

"ஆரெண்டாலும் சரி, மூச்சை அடக்கிக்கொண்டு இரு! நான் சொல்லுமட்டும் மூச்சு விடக்கூடாது, விளங்கிச்சோ?"

கத்திவிட்டுப் படியில் போய் இருந்தான்.

வந்து போட்டுக் கேட்டால்... சுத்தம். ஒரு நிமிடமும் வெறும் அறை. அப்பாடா என்றிருந்தது. சவுந்தரநாயகத்தின் மேசையில் கொண்டுபோய் எறியலாம். டேப்பை நிறுத்தக் கையை நீட்டினான்.

அதற்குள் டேப்பில்... மைக்குக்கு வெகு கிட்ட... ஒரு பெண்ணின் குரல். மூச்சு முட்டி, இரகசியமாக:

"அண்ணை... அவங்கள் போயிட்டாங்களோ? இனி மூச்சு விடலாமோ?"