தாரகன் மூன்றாம் மாடியில் இல்லை என்பதற்குச் சாட்சி

பெயர்: சாரங்கி தாரகன். வயது: 34. தொழில்: முதியோர் இல்லப் பராமரிப்பு உதவியாளர், கிழமைக்கு முப்பது மணித்தியாலம். முகவரி: பிரெடெரிசியா, அடுக்குமாடி வீடு, மூன்றாம் மாடி, இடது பக்கம். திகதி: 19.06.2025, காலை 9.40.

நகரசபையை ஏமாற்றிக் குழந்தைப் பராமரிப்புச் சலுகை பெற்றதாக என்மேல் சந்தேகம் இருப்பதும், நான் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்பதும் பொலிஸாரால் எனக்கு விளங்கப்படுத்தப்பட்டன. நான் பதில் சொல்ல விரும்புகிறேன். இந்த நாட்டு மொழியான டெனிஷ் எனக்கு நன்றாகத் தெரியும். பதற்றத்தில் ஒரு சொல் பிழைத்தாலும் பராமரிப்பகத்தில் பிள்ளையின் இடம் போய்விடும் என்ற பயத்தால் மொழிபெயர்ப்பாளர் கேட்டுத் தமிழில் சொல்கிறேன்.

என் கணவர் தாரகன் 2024 மார்ச் மாதக் கடைசியில் இரண்டு பெட்டிகளுடன் ரண்டர்ஸ் நகருக்குப் போனார். ஏப்ரல் முதலாம் திகதி தன் முகவரியை அங்கே பதிந்துகொண்டார். அதே மாதம் என் மகள் பதினொரு மாதத்தில் வுகஸ்டூவுக்கு, அதாவது கைக்குழந்தைகள் பராமரிப்பகத்துக்கு, போகத் தொடங்கினாள். முழுக் கட்டணம் மாதம் 4,180 குரோணர். தனியாகப் பிள்ளை வளர்ப்பவள் என்றும் என் சம்பளம் இவ்வளவு என்றும் விண்ணப்பித்த பின்னர், நகரசபையின் கட்டணக் கழிவு போக நான் கட்ட வேண்டியது 430 என்று கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தை நான் மூன்று தரம் வாசித்தேன்.

என் மாதக் கணக்கைக் கேட்டீர்கள். வரி போக என் கைக்கு வருவது 17,500. வாடகை 7,400, மின்சாரமும் வெப்பமும் 1,300, கார் 2,100, சாப்பாடு 3,000, வேலையிழப்புக் காப்புறுதியும் தொழிற்சங்கமும் 900, தொலைபேசி 450, பிள்ளையின் பம்பர்ஸும் உடுப்பும் 1,000. இதற்குமேல் வுகஸ்டூ 430 கட்டினால் மிச்சம் 920. முழுக் கட்டணம் கட்டினால் 2,830 பற்றாமல் போகும். காரை விற்கலாமே என்று கேட்டீர்கள். காலை ஆறே முக்காலுக்கு வேலையில் நிற்க வேண்டும், அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் பஸ் இல்லை. எதை வெட்டுவது என்று கலண்டரின் பின்பக்கத்தில் எழுதி எழுதிப் பார்த்துவிட்டேன்.

இனி நான் செய்த பிழையைச் சொல்கிறேன். தாரகன் போன அதே மாதம் பிராண்டே நகரில் இருக்கும் என் தங்கை துவாரகாவுக்குக் கலியாணம் பேசத் தொடங்கியிருந்தார்கள். மாப்பிள்ளை, எனக்கு எதிர்வீட்டில் இருக்கும் யோகம்மா அன்ரியின் தம்பி மகன். மூத்தவளைப் புருஷன் விட்டுவிட்டான் என்று தெரிந்தால் இளையவளின் பேச்சு அதோடு நின்றுவிடும் என்று நான் பயந்தேன். எங்கள் ஆட்களிடம் இது நடக்கும், நடந்தும் இருக்கிறது. ஆகவே தபால் பெட்டியில் அவருடைய பெயரை எடுக்காமல் விட்டேன். பாவித்த பொருள் விற்கும் கடையில் முப்பது குரோணருக்கு ஆண்கள் சப்பாத்து ஒரு சோடி வாங்கிக் கதவு வாசலில் வைத்து, இரண்டு நாளைக்கு ஒரு தரம் இடம் மாற்றினேன். பனி பெய்த நாட்களில் அதன் அடியை நனைத்தும் வைத்தேன். கோயில் திருவிழாவுக்கும் தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கும் தாரகனை ரண்டர்ஸிலிருந்து வரச்சொல்லிப் பக்கத்தில் நின்று படம் எடுத்தேன். அவர் வந்தார், நின்றார், இருட்டுவதற்கு முன்பே போய்விட்டார். ஒரு நாளும் தங்கவில்லை. நகரசபைக்கு நான் ஒரு பொய்யும் எழுதவில்லை. பொய் முழுவதையும் சனத்துக்குத்தான் சொன்னேன்.

அதன் பின்னர், பெயர் போடாத ஒரு தகவலின் பேரில் 2025 மே 6ஆம் திகதி நகரசபை (கொம்யூன்) அலுவலர் இருவர் என் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். நான் வேலையில் நின்றேன். யோகம்மா அன்ரி தானாகவே கதவைத் திறந்து அவர்களுடன் கதைத்திருக்கிறார். நான் வீட்டுக்கு வந்ததும் என்னைப் படியில் மறித்து, சந்தோஷமாகச் சொன்னார்: "பிள்ளை, கொம்யூன் ஆக்கள் வந்தவை. நான் உன்னை விட்டுக்குடுக்கேல்லை. தாரகன் தம்பி இஞ்சதான் இருக்கிறார், விடிய வேலைக்குப் போறவர், நல்ல குடும்பம் எண்டு சொல்லிப்போட்டன்."

"அன்ரி, நீங்கள் உண்மையா அப்பிடி நினைச்சோ சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன கண் தெரியாதே? ஒரு வருசமா சப்பாத்து இடம் மாறுது, போட்டுக்கொண்டு போற ஆளைக் காணேல்லை. உன்ர தங்கச்சியின்ர காரியம் ஒப்பேறட்டும் எண்டுதான் நானும் வாயை மூடிக்கொண்டிருந்தனான்" என்றார்.

ஒரு வருடமாக அவருக்குப் பயந்துதான் நான் அந்த நாடகம் ஆடினேன். அவர் எல்லாம் தெரிந்துகொண்டு எனக்காகத் தானும் ஆடியிருக்கிறார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அதன் பின்னர் மே 20ஆம் திகதி நகரசபையிலிருந்து கடிதம் வந்தது. கழிவு நிறுத்தப்பட்டது, பதினாலு மாதத்துக்கு 52,500 குரோணர் திருப்பிக் கட்ட வேண்டும், ஜூனிலிருந்து முழுக் கட்டணம், கட்டத் தவறினால் மகளின் இடம் பறிபோகும் என்று அதில் இருந்தது. இடம் போனால் நான் வேலைக்குப் போக முடியாது. வேலைக்குப் போகாவிட்டால் வாடகை இல்லை. அன்றிலிருந்து இரவு ஒழுங்காக நான் நித்திரை கொண்டதில்லை.

தான் சொன்னது பொய் என்று நகரசபைக்கு அறிவிக்கும்படி யோகம்மா அன்ரியைக் கெஞ்சினேன். "ஐயோ, பொய் சொன்னனான் எண்டு என்னைப் பிடிச்சால்? தெரிஞ்சுகொண்டே மறைச்சனீ எண்டு மாப்பிள்ளையின்ர தேப்பன், என்ர தம்பி, என்ர முகத்திலயும் முழிக்கமாட்டான்" என்று கதவைச் சாத்திவிட்டார். மூன்று கிழமையாக என் காலடிச் சத்தம் கேட்டால் அவர் வெளியே வருவதில்லை.

இன்று காலை எட்டு மணிக்கு நான் மகளைத் தூக்கிக்கொண்டு போய் அவருடைய கதவைத் தட்டினேன். திறந்ததும் அவருக்கு முன்னாலேயே தங்கைக்கு அழைப்பெடுத்து, தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு, "துவாரகா, தாரகன் என்னோட இல்லை. போய் பதினாலு மாசம் தாண்டிட்டுது. நான் இண்டைக்குப் பொலிஸில அதைச் சொல்லப் போறன்" என்றேன். அவள் "அப்ப என்ர கலியாணம்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். யோகம்மா அன்ரி உள்ளே போய்க் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து, மகளை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு என் காரில் ஏறினார்.

அவர் இப்போது இந்த அறைக்கு வெளியே போட்டிருக்கும் வாங்கில், என் மகளை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார். அவரையும் விசாரிக்கும்படி கேட்கிறேன். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. நான் வழியில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. என் தங்கை இன்னும் திருப்பி அழைக்கவில்லை.

இவ்வளவும் நான் என் வாயால், எவருடைய வற்புறுத்தலும் இன்றிச் சொன்னவை. எழுதி முடித்த பின்னர் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டன. டெனிஷ் பிரதியை நானே வாசித்து ஒரு திருத்தம் கேட்டேன். அதில் "கணவர் வேறு முகவரியில் வசிக்கிறார்" என்று இருந்த இடத்தை "கணவர் என்னை விட்டுப் போய்விட்டார்" என்று மாற்றச் சொன்னேன். வழக்குக்கு முதலாவதே போதும் என்று அதிகாரி சொன்னார். எனக்குப் போதாது என்றேன். மாற்றப்பட்டது. இப்போது இது முழுவதும் உண்மை.

(ஒப்பம்) சாரங்கி