குனியாத பிள்ளை

அன்னைக்கு சுபாஷினி சொல்லாம விட்டது ஒரே ஒரு வரி. "அக்கா, தருணுக்கு இடது கண்ணு தெரியல."

ஏன் சொல்லல? அதுதான் கதை. தாய்மாரே, கொஞ்ச நேரம் அவளோட வந்து உட்காருங்க… சின்னக் கதைதான், சொல்லிடறேன்.

திருமங்கலத்துல ஒரு வீடு. கீழே அண்ணன் குடும்பம், மாடியில தம்பி குடும்பம். அண்ணன் தங்கப்பாண்டி டைல்ஸ் கடை வச்சிருக்கார். மனைவி நாகஜோதி. ஒரே பையன் தருண், நாலு வயசு. தம்பி மனைவிதான் நம்ம சுபாஷினி. கல்யாணமாகி ஆறு வருஷம்… குழந்தை இல்ல.

தருணோட முதல் பிறந்தநாள்ல அவனைத் தூக்கி வச்சுக்கிட்டு, "என்ன அழகா சிரிக்கிறான்"னு சொன்னா. அவ்வளவுதான் சொன்னா! அன்னைக்கு ராத்திரியே பிள்ளைக்குக் காய்ச்சல். மறுநாள் நாகஜோதி உப்பு, மிளகாயோட காலடி மண்ணையும் சேர்த்துப் பிள்ளைக்குச் சுத்திப் போட்டா. யார் காலடி மண்ணு? சுபாஷினி செருப்பு விடுற இடத்து மண்ணு. அவ பார்த்துக்கிட்டு நிக்கும்போதே அள்ளினா.

அதுக்கப்புறம் அந்தப் பிள்ளையைப் பத்தி சுபாஷினி வாயைத் திறக்கிறதில்ல. நல்லா சாப்பிடுறான்னு சொல்ல மாட்டா. இளைச்சுட்டான்னும் சொல்ல மாட்டா. குளிப்பாட்டுவா, சோறு ஊட்டுவா, வேனுக்குக் கொண்டு விடுவா. வேலைக்கு அவ வேணும். வார்த்தை மட்டும் வேண்டாம்.

பொங்கல் லீவுல எல்லாரும் மதுரைக்குப் படம் பார்க்கப் போனாங்க. கார்ட்டூன் படம். வைக்கிங்னு ஒரு கூட்டம்… தாடியும் கோடாலியும் கொம்பு வச்ச தொப்பியுமா கப்பல்ல திரியறவங்க. அவங்க தீவைச் சுத்தி டிராகனுங்க. கண்ணாடி போட்டுக்கிட்டுப் பார்க்கிற த்ரீ டி படம். ரெண்டு கண்ணும் சேர்ந்து பார்த்தா டிராகன் நம்ம மடிக்கே வரும். ஒரு கண்ணால பார்த்தா வெறும் படம், திரையிலேயே நிக்கும். இதை ஞாபகம் வச்சுக்கங்க.

சும்மா சொல்லக் கூடாது, நல்ல படம். சளி பிடிச்ச ஒரு டிராகன் தும்முது, கப்பலோட பாய் பத்திக்குது. மறுபடி தும்முது, தலைவனோட தாடி பத்திக்குது! தங்கப்பாண்டி வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கிறார்.

"ஏ ஜோதி, உங்க அப்பாரு தும்முற மாதிரியே இல்ல?"

"எங்க அப்பாவை இழுக்காட்டி உங்களுக்குப் பாப்கார்ன் இறங்காதே!" அவளும் சிரிக்கிறா. தருண் கை தட்டிச் சிரிக்கிறான். சுபாஷினியும் சிரிச்சா… வாயைப் பொத்திக்கிட்டு.

அப்போ வந்தது பெரிய டிராகன். வாயைப் பிளந்துக்கிட்டு… நெருப்பைக் கக்கிக்கிட்டு… நேரா மூஞ்சிக்கே! தியேட்டரே குனிஞ்சது. தங்கப்பாண்டி கையில இருந்த பாப்கார்ன் பாதி தரையில. தருண் மட்டும்… அசையல. தலையைக்கூடத் திருப்பல.

"பார்த்தியாடி! அப்பன் குனிஞ்சுட்டேன், மகன் குனியல! வைக்கிங் தலைவன்டி என் பிள்ளை!"

"பின்னே? உங்களை மாதிரியா? என்னை மாதிரி!"

பின்சீட்டுல இருந்த ஆளும் சிரிச்சுக்கிட்டே, "தைரியசாலிப் பய சார்"னாரு. எல்லாருக்கும் பெருமை.

சுபாஷினி மட்டும் பிள்ளை பக்கம் திரும்பினா. அவ உட்கார்ந்திருந்தது பிள்ளைக்கு இடது பக்கம். அவ நீட்டின பாப்கார்ன் அவன் கையில பட்டாத்தான் அவன் வாங்கறான்… அதை அவ முன்னாடியே கவனிச்சா. மெதுவா அவனோட இடது கண்ணாடிக்கு முன்னால உள்ளங்கையை வச்சு மறைச்சா. பிள்ளை படத்தைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே இருக்கான். கையை வலது பக்கம் நகர்த்தினா.

"சித்தி! கையை எடு… இருட்டாயிருச்சு!"

நாகஜோதி எட்டிப் பார்த்தா. "என்ன சுபா, பிள்ளையப் படம் பார்க்க விடு."

படம் முடிஞ்சு படியில இறங்கும்போது சுபாஷினி கூப்பிட்டா. "அக்கா… தருணுக்கு…"

நாகஜோதி சட்டுனு நின்னா. பிள்ளையை இழுத்துத் தன் சேலைக்குள்ள அணைச்சுக்கிட்டா. "தருணுக்கு என்ன?"

அந்த முகத்தைப் பார்த்தா… அன்னைக்கு மண்ணை அள்ளின அந்தக் கையைப் பார்த்தா…

"ஒண்ணுமில்லக்கா. படம் ரொம்பப் பிடிச்சுப்போச்சு போல."

வீட்டுக்கு வந்து புருஷன்கிட்ட சொன்னா. அவர் என்ன சொன்னார்? "நீ சொன்னேன்னு நான் போய் அண்ணிகிட்ட சொல்லவா? பிள்ளைக்கு ஒண்ணும் இருக்காது, பேசாம படு."

பேசாமதான் படுத்தா.

நீங்க கேட்பீங்க… 'என்ன ஆனாலும் அவ சொல்லியிருக்க வேண்டாமா?' சொல்லியிருக்கணும். அடிச்சு விரட்டினாலும் சொல்லியிருக்கணும். ஒரு பிள்ளையோட கண்ணு அது. நான் அவளுக்கு வக்காலத்து வாங்க வரல. ஆனா அந்த வாயை மூடினது யாரு? நாகஜோதி கெட்டவளா? இல்லம்மா. பிள்ளை மேல உசிரையே வச்சிருக்கறவ. காப்பாத்தறதா நினைச்சுத்தான் மண்ணை அள்ளினா. யாரோட பார்வை படக் கூடாதுன்னு பிள்ளையை மறைச்சாளோ… அவ ஒருத்திதானே அந்தப் பிள்ளையை சரியாப் பார்த்தா! பெத்தவங்க வீரத்தைப் பார்த்தாங்க. இவ பிள்ளையைப் பார்த்தா.

உங்க வீட்டுலயும் ஒருத்தி இருப்பா. பிள்ளை இல்லாதவ… புருஷன் போனவ… நல்ல காரியத்துல 'நீ கொஞ்சம் பின்னால நில்லு'ன்னு சொல்றீங்களே, அவ. உங்க பிள்ளைங்களை அவளும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கா. என்ன பார்த்தான்னு என்னைக்காவது கேட்டிருக்கீங்களா? திருஷ்டின்னு சொல்லி ஒருத்தி வாயை அடைச்சா, அடைபடுறது அவ வாய் மட்டுமில்ல. உங்க பிள்ளைக்கு வர வேண்டிய உதவியும்தான். இன்னைக்கு வீட்டுக்குப் போய் அவளைப் பக்கத்துல உட்கார வச்சுக் கேளுங்க.

தருணை ஜூன் மாசம் பெரிய பள்ளிக்கூடத்துல சேர்த்தாங்க. அங்க டீச்சர்தான் அவனுக்கு ஒரு கண்ணு தெரியலன்னு கண்டுபிடிச்சாங்க. ஆஸ்பத்திரியில காட்டினா, கண்ணுக்குள்ள புற்றுநோய்க் கட்டி. பொங்கலப்போ கொண்டு வந்திருந்தா கண்ணை எடுக்காமலே வைத்தியம் பார்க்க வழி இருந்திருக்கும்னு டாக்டர் சொன்னார். ஆடி மாசம் இடது கண்ணை எடுத்தாங்க.