சப்பாத்தைக் கழற்றிய வயலின்காரர்

மாலையும் கழுத்துமாய் மலர்ந்திருக்கும் தலைவர் பத்மநாதன் அவர்களே! அறிவால் நரைத்த ஆன்றோர்களே! லூயிஷாமிலிருந்தும் கோலியர்ஸ் வுட்டிலிருந்தும் ரயில் மாறி வந்த தாய்மார்களே! பின்வரிசையில் றோல்ஸ் கடிக்கும் என் செல்லங்களே! சிவனேஸ்வரியின் சிரம் தாழ்ந்த வணக்கம்!

முன்வரிசையில் வெறுங்காலோடு இருக்கிறாரே வெள்ளைத்தாடிக்காரர், யாரவர்? நோர்வேயின் மலைப்பண்ணையில் பிறந்து, தகப்பன் வாசித்ததைக் காதால் கேட்டே வயலின் கற்று, கலியாண வீடு கலியாண வீடாக வாசித்து, பிறகு பள்ளிக்கூடத்தில் ஆயுள் முழுதும் இசை கற்பித்த ஹல்வார் மாஸ்டர்! அவருக்கு மிருதங்கம் வேண்டாம். வாசிக்கும்போது சப்பாத்துக் காலால் தரையை அறைவார், அதுதான் தாளம். கால் நின்றால் வில்லும் நின்றுவிடும். அவர்கள் நாட்டுப்புற வழக்கம் அது.

தொண்ணூறுகளில் நாங்கள் அவர் கற்பித்த அந்த ஊரில் அகதிகள். என் மகள் கீர்த்திகா நம் முறைப்படி சம்மணமிட்டு, வயலின் தலையைப் பாதத்தில் ஊன்றி வாசிப்பாள். பள்ளி விழாவில் பொறுப்பாளர் ஒருவர் சொன்னார்: "கதிரையில் இருந்தால் மேடை, இல்லையென்றால் வீடு." பிள்ளை அழுதாள். மாஸ்டர் என்ன செய்தார்? வாதாடினாரா? வசனம் பேசினாரா? தன் வயலினோடு மேடையேறினார், கதிரையைத் தள்ளினார், அவள் பக்கத்தில் தரையில் இருந்தார்! ஆறடி மனிதர் ஐயா! மடித்த காலால் எதை அறைவது? வில் தடுமாறியது, தாளம் தவறியது, சபை சிரித்தது. அவர் எழும்பவே இல்லை. அவளும் வாசித்து முடித்தாள். சிரியுங்கள், சிரியுங்கள், அவரும் சிரிக்கிறார்!

அப்படிப்பட்டவர், லண்டனுக்கு வந்துவிட்ட எங்களைத் தேடி வந்தவர், இன்று நம் ஹரோ மேடையில் வாசிக்கமாட்டாராம்! ஏன்? நடராசர் எழுந்தருளியிருக்கும் மேடையில் சப்பாத்துக்கு இடமில்லை என்றது விழாக்குழு. சரிதான், யார் மறுத்தார்? அவரும் கழற்றிவிட்டார். ஆனால் வெறுங்காலில் தாளம் கேட்குமா? "நான் கீழே இருந்து கேட்கிறேன்" என்று ஒதுங்கிவிட்டார். நம் பிள்ளைக்காகத் தரையில் இருந்தவர், நம் மேடைக்குக் கீழே இருப்பதா? தகுமா? நெஞ்சு தாங்குமா?

என்ன, நடன ஆசிரியை தவநாயகி எழும்பி நிற்கிறார்? சத்தமாய்ச் சொல்லுங்கள் ரீச்சர்!

"அக்கா, சப்பாத்துத்தானே ஏலாது? சலங்கை கட்டலாம்தானே?"

அட, கேட்டீர்களா சபையோரே! தலைவரே, தங்கள் தீர்ப்பு?

"ஓம், ஓம்! கெதியாக் கட்டுங்கோ!"

வாருங்கள் மாஸ்டர், வந்து காலை நீட்டுங்கள்! ஐயோ, இந்தக் கணுக்காலுக்கு இரண்டு சலங்கையை இணைக்க வேண்டும் போலிருக்கிறதே! இறுக்குதா மாஸ்டர்? "ஓம்" என்கிறார். கீர்த்திகா பழக்கிய ஒரே தமிழ்ச் சொல் அது. எதைக் கேட்டாலும் அதையே சொல்லித் தலையாட்டுவார்.

அவருக்கு ஒரு கதிரை கொண்டுவாருங்கள். மகளே, நீயும் வயலினோடு வா. அவர் கதிரையில் இருக்கட்டும், நீ அவர் பக்கத்தில் தரையில் இரு. இனி யாரும் யாருக்காகவும் காலை மடிக்கவேண்டாம்!

இணங்கிய தலைவருக்கு நன்றி, சலங்கை தந்த கைகளுக்கு நன்றி, கைதட்டிச் சிவந்த உங்கள் கைகளுக்கும் நன்றி. என் பேச்சில் இன்னும் பாதி மிச்சம் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும், அதோ, அந்தக் கால் எழும்புகிறது. வணக்கம்!