வெட்டி எறிந்த இரண்டு நிமிடம்

இந்த அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும், பீடோங் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு முப்பது ஆண்டுகள் எழுத்தறிவித்த ஆசான் ஐயா அய்யாவு அவர்களே! மாதர் பிரிவை மலையெனத் தாங்கி நிற்கும் அம்மா லோகேஸ்வரி அவர்களே! ஆலய நிர்வாகப் பெரியோர்களே! பெற்று வளர்த்துப் பேச்சும் கொடுத்து, இன்று நான் என்ன பேசப் போகிறேன் என்று பார்க்க வந்திருக்கும் தாய்மார்களே! கூலிம் தொழிற்சாலையில் வேலை முடித்து, சீருடையைக்கூட மாற்றாமல் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்திருக்கும் தங்கைகளே, தம்பிகளே! ஒரே மோட்டார் சைக்கிளில் மூன்று பேராக வந்து இறங்கிய அண்ணன்மார்களே! சிரிக்காதீர்கள், நானும் வாசலில்தான் நின்றிருந்தேன், பார்த்தேன். உங்கள் அனைவருக்கும் யோகேந்திரனின் பணிவான வணக்கம்.

வணக்கம் சொல்ல வேண்டியவர் இன்னும் ஒருவர் பாக்கி. அவர் பெயரைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

எங்கள் வலையொலிக்கு, பிள்ளைகள் சொல்வதுபோல் பாட்காஸ்ட்டுக்கு, இருநூறு வாரம் நிறைந்ததற்கு இந்தப் பாராட்டு விழா. பொன்னாடை போர்த்தினீர்கள், மாலை அணிவித்தீர்கள். இரண்டையும் கழற்றி அந்த நாற்காலியில் வைத்துவிட்டுத்தான் ஒலிவாங்கிக்கு வந்திருக்கிறேன். அதை அவமதிப்பாக எண்ணாதீர்கள். போட்டுக்கொண்டு பேச எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சுங்கைப் பட்டாணியில் ஒரு துணிக்கடையின் மாடியில், நானும் தம்பி சிவநேசனும் வாரந்தோறும் உட்கார்ந்து உலகத்தைப் பேசினோம். எந்தக் கடலில் எந்தக் கப்பலை யார் மறித்தார்கள்? பேசினோம். எந்த நாட்டோடு எந்த நாடு எதற்காக முறைத்துக்கொண்டது? பேசினோம். எந்த ஆட்சி எப்போது கவிழும்? அதையும் பேசினோம். நான் கவிழும் என்று சொன்ன ஆட்சிகள் எல்லாம் இன்றைக்கும் நன்றாகவே நடக்கின்றன, அது வேறு கதை. ஒவ்வொரு வாரமும் நான் தொடங்குவது ஒரே வாக்கியத்தில்தான். உங்களுக்கே தெரியும். என்ன அது? ஆம். "சக குடிமக்களே, வணக்கம்!"

கேட்பவர்களுக்குச் சுவையாக இருக்கட்டும் என்று மாதம் ஒரு முறை பட்டிமன்றம் வைத்தோம். பட்டிமன்றம் நமக்கு யார் சொல்லித் தர வேண்டும்? தைப்பூசத்துக்கு வைக்கிறோம், தீபாவளிக்கு வைக்கிறோம், பள்ளி ஆண்டு விழாவுக்கும் வைக்கிறோம். எந்தப் பக்கம் கிடைக்கிறதோ அந்தப் பக்கம் நின்று அடித்துப் பேச வேண்டும். அதுதான் முறை. பிஸ்கட் டின்னில் இரண்டு சீட்டு போடுவோம். எடுத்த சீட்டு எதுவோ அதுவே அன்றைய கொள்கை. போன வருடம் இதே மண்டபத்தில் "மாமியாரே மேல்" என்று பேசிய அம்மா லோகேஸ்வரி, வீட்டுக்குப் போய் மாமியாரிடம் என்ன பேசினார் என்று நாம் கேட்டோமா? இல்லை, அம்மா, கேட்கவில்லை, கேட்கவும் மாட்டோம்.

நான்கு மாதத்துக்கு முன்பு எடுத்துக்கொண்ட தலைப்பு, "அகதிகளுக்கு எல்லையைத் திறப்பதா, மூடுவதா?" எங்கோ தொலைதூர நாடுகளின் செய்தி. டின்னுக்குள் கையை விட்டேன். எனக்கு வந்தது, "மூடுவது". மனதுக்குள் நான் அந்தக் கட்சி இல்லை. ஆனால் சீட்டு வந்துவிட்டது. பேசினேன். எப்படிப் பேசினேன்? ஒரே ஓர் இடத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

"எத்தனை ஆண்டு தங்கினால் என்ன, எத்தனை பிள்ளை பெற்றால் என்ன, விருந்தாளி விருந்தாளிதான்! தாள் இல்லாதவர்கள் கதவைத் தட்டலாம், சாவியைக் கேட்கலாமா? கண்ணீரைக் காட்டினால் காட்டிய இடமெல்லாம் சொந்த நாடாகிவிடுமா?"

பாருங்கள். இப்போதும் கைதட்டுகிறீர்கள். வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். அவ்வளவு நன்றாகப் பேசித் தொலைத்தேன் நான்!

பதிவை நான்தான் வெட்டி ஒட்டுவேன். தொடக்கத்தில் சீட்டு எடுக்கும் இரண்டு நிமிடம் இருந்தது. டின் குலுங்கும் சத்தம், சிவநேசன் சிரிப்பது, "ஐயையோ, எனக்கு இதுவா வந்துச்சு" என்று நான் சொல்வது எல்லாம் அதில் இருந்தன. தொடக்கம் இழுத்தால் கேட்பவர்கள் ஓடிவிடுவார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். அந்த இரண்டு நிமிடத்தை வெட்டினேன்.

அப்போதே சிவநேசன் தடுத்தான். "அண்ணே, சீட்டு எடுக்கறத வெட்டாதீங்கண்ணே. நெஜமாவே நீங்க அப்படி நெனைக்கிறீங்கன்னு ஆயிடும்."

நான் சொன்னேன்: "நம்ம ஜனங்களுக்குப் பட்டிமன்றம் தெரியாதாடா? எல்லாருக்கும் புரியும்லா. நீ தோத்துடுவோம்னு பயப்படுற."

தோற்றுத்தான் போனான். நேயர்கள் வாக்கில் நூற்றுக்கு எண்பது எனக்கு! அந்த வாரம் நான் நடந்த நடையைப் பார்த்திருந்தால் ஏதோ தேர்தலில் வென்றுவிட்டேன் என்று நினைத்திருப்பீர்கள்.

இனி நான் சொல்லப் போவது புஷ்பவள்ளி அக்காவைப் பற்றி. பீடோங்குக்கு வெளியே நாங்கள் இருந்த தோட்டத்தில் ஆயாக் கொட்டகை ஒன்று இருந்தது. தாய்மார்கள் பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டப் போகும்போது கைக்குழந்தைகளை அங்கேதான் விட்டுச் செல்வார்கள். பதினாறு வயதில் அங்கே வேலைக்குச் சேர்ந்தவர் அக்கா. அவர் இடுப்பில் இருந்த குழந்தைகளில் நானும் ஒருவன். இன்று அவருக்கு ஐம்பத்தேழு வயது. எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்குகிறார். தலைத்துண்டுக்குள் கைப்பேசியைச் செருகிக்கொண்டு, குனிந்து பழம் பொறுக்கிய வேளையில் இருநூறு வாரமும் என் பேச்சைக் கேட்டவர். நான் "சக குடிமக்களே, வணக்கம்" என்றதும், மரங்களுக்கு நடுவே நின்று, "வணக்கம் தம்பி" என்று வாய்விட்டுப் பதில் சொல்வாராம். பக்கத்து வரிசையில் இருப்பவர்கள் கேலி செய்வார்களாம்.

ஐசி என்கிறோமே, அந்த அடையாள அட்டை குடிமக்களான நமக்கு நீலம். அந்த அக்காவின் கையில் இருப்பது சிவப்பு. பிறந்தது எங்கள் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில். பிறப்பைப் பதியப் போன அப்பாவிடம் கேட்ட தாள் இல்லை. திரும்பிப் போக இன்னொரு நாள் கூலியை இழக்க மனம் வரவில்லை. அவ்வளவுதான் கதை. இங்கே தங்கலாம், உழைக்கலாம், வாக்களிக்க மட்டும் முடியாது. குடிமகள் இல்லை.

இது எனக்குத் தெரியாதா? தெரியும், பெரியோர்களே! அதுதான் என்னைக் கொல்கிறது. தேர்தல் நாள் வரும்போதெல்லாம் எங்கள் லயத்தில் என்ன நடக்கும்? எல்லோரும் குளித்து, நல்ல உடை உடுத்தி வேன் ஏறுவோம். பிள்ளைகளை எங்கே விடுவோம்? புஷ்பவள்ளி அக்காவிடம். அவருக்குத்தான் வாக்கு இல்லையே, வீட்டில்தானே இருப்பார்! போன தேர்தலில்கூட என் மகள் ரூபினியை அவரிடம் விட்டுவிட்டுத்தான் நானும் என் மனைவி அன்பரசியும் போனோம். மை பூசிய விரலைக் காட்டிப் படம் எடுத்துப் போட்டேன். சனநாயகக் கடமை என்று அதன் கீழே எழுதினேன். என் கடமையை நான் செய்வதற்கு என் பிள்ளைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தவர் யார் என்று ஒரு சொல் எழுதினேனா?

அக்கா குடியுரிமைக்கு விண்ணப்பித்துப் பதினோரு ஆண்டுகள் காத்திருந்தார். இந்த ஆண்டுதான் கடிதம் வந்தது. அலோர் ஸ்டாருக்கு நேர்காணலுக்கு வரச் சொல்லி, ஒரு செவ்வாய்க்கிழமை. மலாயில் கேட்பார்கள் என்று தினமும் பேசிப் பழகினார். புடவையைத் தேய்த்து மடித்து வைத்தார். பக்கத்து வீட்டுக் காருக்கும் சொல்லி வைத்தார். என் பட்டிமன்றம் வெளிவந்தது அதற்கு முந்தைய ஞாயிறு. அவர் கேட்டது திங்கட்கிழமை, பழம் பொறுக்கும்போது. நான் வணக்கம் சொன்னேன். அவரும் வணக்கம் சொன்னார். அதற்குப் பிறகு நான் பேசினேன்.

செவ்வாய்க்கிழமை அவர் அலோர் ஸ்டாருக்குப் போகவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு பழம் பொறுக்கப் போனார்.

வராதவருடைய விண்ணப்பக் கோப்பை மூடிவிட்டார்கள். அலுவலகத்தைக் குற்றம் சொல்ல நமக்கு வாயில்லை. புதிதாக விண்ணப்பிக்கலாம் என்றுதான் கடிதம் வந்தது. முதலிலிருந்து! ஐம்பத்தேழு வயதில், முதலிலிருந்து!

இரண்டு மாதம் கழித்து, அன்பரசி தற்செயலாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து சொன்னாள். சொல்லிவிட்டு அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் அக்கா வீட்டுக்கு ஓடினேன். வாசலிலேயே தொடங்கினேன்: "அக்கா, அது சீட்டுக்கா. சீட்டுல வந்ததப் பேசுனேன். என் மனசுல அப்படி இல்லக்கா."

அக்கா தேநீர் போட்டுக்கொண்டு வந்து வைத்தார். பிறகு சொன்னார்: "நீ நல்லாத்தான் பேசுன தம்பி. பதில் சொல்லலாம்னு நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். ஒன்னும் வரல. நீ படிச்சவன், இத்தன வருசமா நல்லதுதான் சொல்ற. அப்ப இதுவும் சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். அங்க போயி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சாவி கேக்கறது?"

என்னை வெறுத்திருந்தால் தாங்கியிருப்பேன், தாய்மார்களே! அவர் என்னை நம்பினார். என் வாயைக் கேட்டு, தான் பிறந்த மண்ணில் தானே விருந்தாளி என்று நம்பினார். நான் வெட்டி எறிந்த இரண்டு நிமிடம் அவருடைய பதினோரு ஆண்டைத் தின்றுவிட்டது. எனக்கு எண்பது விழுக்காடு வாக்கு போட்டீர்களே, வாக்கே இல்லாத ஒருவரைத் தோற்கடித்துத்தான் நான் அதை வாங்கினேன்.

என்ன ஐயா? பின்னால் யாரோ சொல்கிறீர்கள்... "பேச்சுன்னா அப்படித்தான்லா, விடுங்க தம்பி" என்கிறீர்களா? இல்லை ஐயா, விட முடியவில்லை. வீசிய சொல்லுக்கு விலாசம் உண்டு. தொலைதூர நாட்டுக்கு என்று நினைத்து நான் வீசினேன். அது என்னைத் தூக்கி வளர்த்தவர் தலையில் போய் விழுந்தது. உலக அரசியல் பேசக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பேசுவோம்! கடல் கடந்து பேசுவோம், காரசாரமாகப் பேசுவோம்! ஆனால் "இவர்கள்", "அவர்கள்" என்று வாய் எடுக்கும்போதெல்லாம், அந்தச் சொல்லுக்குள் நமக்குத் தெரிந்த முகம் ஒன்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுவோம். எனக்கு இருந்தது. நான் பார்க்கவில்லை.

இவ்வளவையும் மேடையில் சொல்லலாமா என்று அக்காவிடம் அனுமதி கேட்டேன். பெயர் இல்லாமல் சொல்கிறேன் என்றேன். அதற்கு அவர் என்ன சொன்னார் தெரியுமா? "பேரு சொல்லியே பேசு தம்பி. பேரு இல்லாம பேசுனதுலதான இவ்வளவும் ஆச்சு."

அதனால்தான் பெயர் சொல்லிப் பேசினேன். இன்னும் ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். புது விண்ணப்பத்துக்கு, அவரை அறிந்த குடிமக்கள் இருவர் அலோர் ஸ்டாருக்கு நேரில் போய், நீல அட்டையைக் காட்டிக் கையெழுத்திட வேண்டும். ஒருவர் நம் தலைவர் ஐயா அய்யாவு. இன்னோர் இடம் காலியாக இருக்கிறது. "இவரை எனக்குத் தெரியும்" என்று எழுதிக் கையெழுத்திடும் இடம் அது. நான் போடுகிறேன் அக்கா என்று இரண்டு முறை கேட்டேன். "பாக்கலாம் தம்பி" என்றார். அக்கா இந்த மண்டபத்தில்தான், கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இத்தனை பேர் முன்னால் நான் கேட்டால் அவரால் மறுக்க முடியாது. மேடைக்காரன் தந்திரம் அது. எனக்கு நன்றாகவே தெரியும். அதனால் கேட்கவில்லை. வரும் ஞாயிறு அந்த இரண்டு நிமிடத்தை ஒட்டி, நடந்ததையும் என் வாயாலேயே சொல்லி வெளியிடுகிறேன். அது மட்டும்தான் என் கையில் இருக்கிறது.

வணக்கம் ஒன்று பாக்கி வைத்தேனே, அதைச் சொல்லிவிடுகிறேன். சக குடிமக்களே என்று இருநூறு வாரம் கூப்பிட்டேன். அதற்கு ஒவ்வொரு வாரமும் பதில் சொன்னவர் ஒருவர்தான். புஷ்பவள்ளி அக்கா, உங்களுக்கு என் வணக்கம்.

என்ன அக்கா? கேட்கவில்லை... அமைதியாக இருங்கள், அக்கா எழுந்து நிற்கிறார்... சொல்லுங்கள் அக்கா.

கேட்டீர்களா, சபையோரே? பின்வரிசைக்குக் கேட்டது, முன்வரிசைக்குக் கேட்டிருக்காது. அக்கா சொன்னதை அப்படியே சொல்கிறேன். "வணக்கம் இருக்கட்டும் தம்பி. செவ்வாக்கெழம காலைல ஏழரைக்கு பஸ்ஸு. ஐசிய மறக்காம எடுத்துக்கிட்டு வா. உன்னோடது நீலம்தான?"

நீலம்தான் அக்கா. ஏழு மணிக்கே வந்து நிற்கிறேன்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், கண் துடைக்கும் தாய்மார்களுக்கும், அன்றைக்கே என்னைத் தடுத்த தம்பி சிவநேசனுக்கும் நன்றி. அனைவருக்கும் வணக்கம்.