ரெண்டு சாட்சி

ஹலோ... ஆமா, ஆசாத் தான் பேசறேன்... பெரியநாயகி அக்காவா? சொல்லுக்கா... ம்... ம்... தெரியும்கா. நாளைக்கு பத்தரைக்கு கோர்ட்...

இல்லக்கா. நான் வரல.

...கேளு. மொதல்ல கேளுக்கா. எதையும் மறக்கல. ஜரிகை திருடினாருன்னு துரைக்கண்ணு மாமாவ ஸ்டேஷனுக்கு இட்டுக்கினு போனாங்க. நடந்து உள்ள போனதை நான் தான் பாத்தேன். உசுரில்லாம தூக்கிக்கினு வந்ததையும் நான் தான் பாத்தேன். வேற சாட்சி கிடையாது... ஆமா... ஆமாங்கறேன் இல்ல...

இருக்கா, ஒரு நிமிஷம்... யோவ், எம்.எல்.ஏ. அண்ணன் வண்டி செவிலிமேடு தாண்டிடுச்சாம். அந்த மாலைய எடுத்து வெளிய வை... ஹாங், சொல்லுக்கா.

...யாரும் மிரட்டல. அந்த ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் பொண்ணைத்தான் அண்ணன் பையனுக்கு பேசியிருக்குது. அடுத்த மாசம் கல்யாணம். முகூர்த்தப் பொடவைக்கு தறிக்காரர் வீட்டுக்கு கூட்டிக்கினு போனதே நான் தான்... சிரிக்காதக்கா.

பதினாலு வருஷம் உரிமை, உரிமைன்னு கத்தினேன். என்னத்த கண்டேன்? கௌசர் ஆஸ்பத்திரில தனியா பெத்தா, நான் உண்ணாவிரதப் பந்தல்ல படுத்துக்கினு இருந்தேன். தடியடியில பல்லு போச்சு. இன்னிக்கு அண்ணனுக்கு பி.ஏ. நான் உள்ள போனா தாசில்தார் எழுந்து நிக்கறாரு. உள்ள இருந்தா நாலு பேருக்கு நல்லது செய்யலாம்னு தான் வந்தேன்...

...யாருக்கு செஞ்சேன்னு கேக்கற. கேளு. நீ கேக்காம யார் கேப்பா.

...சத்துணவுல உனக்கு ஒரு வேலைக்கு சொல்லி வெக்கட்டுமா?... வேணாமா. சரி.

உடம்பு சரியில்லன்னு சர்டிபிகேட் குடுத்து விட்டுடறேன்கா. அடுத்த வாய்தாவுல பாத்துக்கலாம்... நானா முடிவு பண்ணேன்? அண்ணன் போவாதன்னாரு. போதுமா?

...என்னக்கா, குரல் எங்கயோ கெணத்துல இருந்து வர்றாப்ல இருக்குது? ஸ்பீக்கர்ல போட்டிருக்கியா?... பக்கத்துல யாரு?

...லில்லி டீச்சர். ம்... ஆதிகேசவனும். ரெண்டு பேர்.

...நேரம்கூட எழுதிட்டியா? எத்தனை போட்ட?... பதினொன்னு இருபது.

...ஆமா. அதிகாரிங்க கிட்ட பேசறப்ப ரெண்டு சாட்சி வெச்சுக்க, நேரத்தை எழுதிக்கன்னு நான் தான் உனக்கு சொல்லிக் குடுத்தேன்... அதிகாரிங்க கிட்ட தானேக்கா சொன்னேன். என் கிட்டயுமா?

...கோவம் இல்ல. எழுதினதை படி...

...ம்... ம்... அக்கா, அண்ணன் போவாதன்னாருன்னு போட்டிருக்க பாரு, அந்த ஒரு வரிய மட்டும் அடிச்சிடு. கௌசர் மேல ஆணையா கேக்கறேன், குடும்பத்தோட நடுத்தெருவுல நிப்பேன்கா...

...ஆமா. எழுதினதை எவன் கெஞ்சினாலும் அடிக்காதன்னு சொன்னதும் நான் தான்...

ஹலோ... அக்கா?... ஹலோ...