ஆறு வருச ஃப்ரீ சர்வீஸ்

— நான் கோவப்படலைடா குமாரு. கேக்கறேன். செத்துப்போன டிவி கேம் மடத்துக்குளத்துல என்ன பண்ணுது?

— எந்த டிவி கேமு?

— நாம ரண்டு பேரும் காலேஜ் ரண்டாம் வருசத்துல சேந்து வாங்கினமே, அது. தொண்ணூத்தியொண்ணு ஆவணியில. நீ உங்கப்பன்கிட்ட காலேஜ் டூருன்னு சொல்லிக் காசு வாங்கினே, நான் சைக்கிளை வித்தேன். வாங்கி ரண்டாம் மாசம், ஓல்ட்டேஜ் ஏறி எரிஞ்சு போச்சுன்னு என்ற தோள்ல சாஞ்சு அழுதியே, அது.

— மெல்லப் பேசு வேலு. செக்கிங் டேபிள்ல பூரா ஆளுக இருக்காங்க. வா, பண்டல் ரூமுக்குப் போயிரலாம்.

— இங்கயே ஆகட்டும். பனியன்ல ஓட்டை பாக்கறவங்கதான? உன்ற பேச்சுலயும் பாக்கட்டும்.

— அந்த மாதிரிப் பொட்டி இந்த ஜில்லாவுல ஆயிரம் இருக்கும்டா. எதையோ பாத்துட்டு வந்து...

— இருக்கும். ஒத்துக்கறேன். அடியில வாஷ்கேர் லேபிள் ஒட்டின பொட்டி எத்தனை இருக்கும்?

— லேபிளா?

— உங்க கம்பெனி லேபிளு. குளுந்த தண்ணியில தொவைக்கோணும், பிளீச் போடக்கூடாது, திருப்பிப் போட்டு இஸ்திரி பண்ணோணும்னு இங்கிலீசுல இருக்குமே, அது. நாந்தான் பசை தடவி ஒட்டினேன். நீ சிரிச்சுச் சிரிச்சு ஊட்டுக்குப் பின்னாடி பொடக்காலி வரைக்கும் உருண்டே. நேத்து மடத்துக்குளத்துல அந்தூட்ல பொட்டியத் திருப்பிப் பாத்தேன். ஒரு எழுத்து அழியலை. லேபிளும் ஸ்ட்ராங்கு, பொட்டியும் ஸ்ட்ராங்கு. நடுவுல நீதான்டா கொஞ்சம் வீக்கு.

— நீ எதுக்கு அந்தூட்டுக்குப் போனே?

— ஒரு சோலியாப் போனோம். அதை அப்பறம் சொல்றேன். முதல்ல, எரிஞ்சு போச்சுன்னு ஒரு கறுப்புக் கட்டியக் கொண்டாந்து என்ற கையில குடுத்தியே, அது என்ன?

— வேலு...

— நான் கோவப்படலை. கேக்கறேன்.

— அயர்ன் பாக்ஸ் கைப்பிடி. அடுப்புல போட்டு எடுத்தேன்.

— அதை மடியில வச்சுக்கிட்டு நான் நொய்யல் ஆத்தங்கரை வரைக்கும் போனேன்.

— தெரியும். நானும்தான் கூட வந்தேன்.

— பாலு ஊத்தினேன்.

— அரை லிட்டரு.

— காலேஜ் கேட்டுல கண்ணீர் அஞ்சலி எழுதி ஒட்டினேன். 'தோற்றம் ஆவணி, மறைவு ஐப்பசி, இரண்டே மாதத்தில் எங்களைத் தவிக்க விட்டாயே'ன்னு. பிரின்சிபால் கூப்பிட்டு, தவறிப்போனது எந்த டிப்பார்ட்மெண்டுன்னு கேட்டாரு. எலக்ட்ரானிக்ஸ்னேன். பாவம் சின்ன வயசுன்னு அரை நாள் லீவு உட்டாரு. அயர்ன் பாக்ஸ் கைப்பிடிக்கு லீவு உட்ட ஒரே காலேஜு நம்முளுதுதான்.

— நீ அந்த லீவுல சினிமாவுக்குப் போனே.

— அழுதுக்கிட்டே போனேன்.

— மொதலாளி, பேச்சுக்கு நடுவுல வாரேன், கோவிச்சுக்கிடாதிய. கழுத்துக்கு வைக்க ரிப்புத் துணி பத்தல. இன்னும் நானூறு பீசு நிக்கி.

— பொறவு வர்றேன் சுடலையண்ணா. நீங்க போயிக் கையத் தைங்க.

— கையி தச்சாச்சு மொதலாளி. என்ன, டிவி கேமு பேச்சு ஓடுது போலுக்கு? அத மட்டும் கேக்காதிய. எங்க ரூமு பயலுவ போன வருசம் ஒண்ணு வாங்கினானுவ, தீவாளிக்கு ஒண்ணு, பொங்கலுக்கு ஒண்ணு. மூணும் பரண்ல கெடக்கு. கொஞ்சம் பஞ்சு உள்ள போனா ரெண்டே மாசத்துல செத்துப்போவுது. திருப்பூருல பஞ்சு போவாத எடம் உண்டுமா? அந்தக் காலத்துப் பொட்டின்னா கல்லு மாதிரி கெடக்கும், பாத்துக்கிடுங்க.

— கேட்டுக்க குமாரு. தொண்ணூத்தேழுல வாங்கறதுக்கு ரண்டு மாசம் ஆயுசு. தொண்ணூத்தியொண்ணுல நீ வாயில சொன்ன ஆயுசும் ரண்டு மாசம். நீதான்டா இந்தத் தொழிலுக்கே முன்னோடி.

— சுடலையண்ணா, நீங்க போங்க.

— போவுதேன், போவுதேன். வேலு அண்ணாச்சி, நீங்களே நாயத்தச் சொல்லுங்க. முன்னால மொதலாளி ஒரு நீலச் சட்டையக் கொண்டாந்து, பாக்கெட்டுக்கு மேல 'டிவி கேம் சர்வீஸ்'னு எம்பிராய்டரி போடச் சொன்னாவ. எந்தப் பையருக்கு, எந்தக் கம்பெனி ஆர்டருக்குன்னு கேட்டேன். சாம்பிளு, ஆர்டர் வரும்னாவ. ஆறு வருசமாவுது. அந்த ஆர்டரு வரவே இல்ல.

— வந்திருச்சு சுடலையண்ணே. நேத்துத்தான் பாத்தேன்.

— அப்பிடியா! எத்தன பீசு?

— ஒரே பீசு. நீங்க போங்க, சொல்லி அனுப்பறோம்.

— சரி, வாரேன் அண்ணாச்சி.

— போயிட்டாரு. இனி நீ பேசு. நேத்துக் காப்பி குடிக்கறப்ப அந்தூட்டு நஞ்சப்பக் கவுண்டரு சொன்னாரு. 'மாசா மாசம் மொத ஞாயித்துக்கிழமை கம்பெனியிலிருந்து ஒரு பையன் வருவானுங்க. நீலச் சட்டை, இடது கன்னத்துல மச்சம். காசே வாங்க மாட்டானுங்க. தங்கமான பையனுங்க'ன்னு. நான் தலையாட்டினேன். அந்தத் தங்கத்தை ஒரசிப் பாத்தவன் நானு, அவருகிட்ட என்னத்தைச் சொல்ல?

— என்னை மன்னிச்சிரு வேலு.

— மன்னிக்கறது இருக்கட்டும். எப்படிக் கொண்டுபோயி உள்ள வச்சே?

— உடுமலை பொருட்காட்சிக்குப் போயிருந்தேன். அங்க ஒரு ஸ்டால்ல டிவி கேம் ஓடிக்கிட்டிருந்துச்சு. கவுண்டரு மக மயிலாள் அதுக்கு முன்னாடி அரை மணி நேரம் நின்னா. அவங்கப்பாரு வா போலாம்னு கூப்பிட்டாரு. நடந்து போறப்ப மூணு தடவை திரும்பித் திரும்பிப் பாத்தா.

— உன்னையா?

— டிவி கேமை.

— சரி.

— நான் அதே பஸ்ல ஏறிப் போயி ஊட்டப் பாத்துக்கிட்டேன். அடுத்த வாரம் பொட்டியோட போயி நின்னு, கம்பெனி விளம்பரமுங்க, ஊருக்கு ஒரு ஊடு, ஃப்ரீ டிரையல்னு சொன்னேன்.

— கவுண்டரு நம்பினாரா?

— ஃப்ரீன்னதும் செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா கண்ணுன்னாரு.

— குடுத்தே. வந்தே. அங்க முடிஞ்சுதல்ல? அப்பறம் எதுக்கு ஆறு வருச சர்வீஸு?

— கெட்டுப் போனாத்தான போக முடியும்? சாமி சத்தியமாச் சொல்றேன், அது கெடவே இல்லடா. முதல் மூணு மாசம் வாசல்ல போயி நிப்பேன். 'நல்லா ஓடுதுங்க'ன்னு சொல்லி, மோரைக் குடுத்துத் தாட்டி உட்டுருவாங்க. உள்ள பல்லி முட்டை வச்சிருந்துச்சு, ஓடுச்சு. ஓல்ட்டேஜ் ஏறி அவங்க கிணத்து மோட்டாரே காயில் போச்சு, இது ஓடுச்சு. மழைக்கு ஓடு ஒழுகிப் பொட்டிக்குள்ள தண்ணி நின்னிருக்குது. கவுத்து வச்சு வெயில்ல காய வச்சாங்களாம். அப்பவும் ஓடுச்சு.

— குளுந்த தண்ணியில தொவைச்சிருக்காங்க. லேபிள்ல போட்டபடிதான் பண்ணியிருக்காங்க.

— சிரிக்காதடா.

— நான் சிரிக்கலை. மேல சொல்லு.

— அப்பறந்தான் நானே ஆரம்பிச்சேன். போறப்பவெல்லாம் ஏதாச்சும் ஒரு ஒயரை அரைகுறையாப் பத்த வச்சுட்டு வருவேன். இருபது, இருபத்தஞ்சு நாள்ல உட்டுப் போற மாதிரி. அதுக்குன்னு டவுன்ஹால் பக்கம் ஒரு ரேடியோக் கடையில போயி வேலை பழகினேன்.

— ஊரு உலகத்துல ரிப்பேர் பண்ணத்தான் பழகுவாங்க.

— அதுலயும் சனியன் சில மாசம் நான் அரைகுறையா வச்சது புடிச்சுக்கும். அந்த மாசம் போனா மோருதான்.

— அறுவது எழுவது தடவை அதைக் கொன்னிருக்கே.

— கொன்னுட்டு நானே பொழைக்க வச்சிருக்கேன்டா.

— எனக்கு மட்டும் ஒரே தடவை கொன்னுட்டு உட்டுட்டே. நான் மூணாம் வருசம் முடியற வரைக்கும் காலேஜுக்கு நடந்தேன் குமாரு. அனுப்பர்பாளையத்திலிருந்து. நீ வண்டியில போறப்ப ஏறிக்கடான்னு கூப்பிடுவே. அதையெல்லாம் பாசம்னு நெனைச்சேன்.

— பாசந்தான்டா.

— எங்கிட்ட ஒரு வார்த்தை, இப்பிடி ஒரு புள்ளையப் பாத்தேன், இந்தப் பொட்டி வேணும்னு கேட்டிருந்தா, நான் குடுத்திருக்க மாட்டேனா? நானே தலையில வச்சுக்கிட்டு மடத்துக்குளம் வரைக்கும் வந்திருப்பேனே. அன்னிக்கு நீ அழுதப்ப, என்ற சைக்கிளு போனதைக்கூட மறந்துட்டு உன்னைத் தேத்தினேன். ஒரு வாரம் உங்கூட்லயே படுத்திருந்தேன், நீ ஏதாச்சும் பண்ணிக்குவியோன்னு.

— அந்த ஒரு வாரம் நெம்பக் கஷ்டமா இருந்துச்சு வேலு.

— எதுக்கு?

— பொட்டி கட்டலுக்கு அடியில இருந்துச்சு.

— நான் படுத்த கட்டலுக்கா?

— ஆமா.

— இரு. ஒரு நிமிசம் இரு. நான் கோவப்படலை.

— நீ வேணும்னா என்னை ஒரு அறை அறைஞ்சிரு.

— அப்பறம். அந்தப் புள்ள உங்கிட்ட என்ன பேசும்?

— 'படம் ஆடுதுங்க'ம்பா. 'சத்தம் வருதுங்க, கலரு வரலீங்க'ம்பா. போன மாசம், 'இடதுபக்கம் அமுக்கினா ஆளு நகர மாட்டேங்குதுங்க'ன்னா.

— ஆறு வருசத்துல இவ்வளவுதானா?

— ஒருக்கா, 'உங்க சட்டையில நூலு பிரிஞ்சிருக்குதுங்க'ன்னா.

— நீ என்ன சொன்னே?

— மூணு நாள் தூங்கலை.

— அதோட மனசுல என்ன இருக்குதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?

— படம் ஆடுதுங்கன்னு சொல்றப்ப அந்த 'ங்க'வைக் கொஞ்சம் இழுப்பாடா.

— மடத்துக்குளத்துல மாட்டுக்கிட்டப் பேசறப்பக்கூட இழுத்துத்தான்டா பேசுவாங்க.

— உனக்குப் புரியாது.

— சரி, புரியலை. மண்ணரைல நாப்பது மிஷின் ஓடற கம்பெனிக்காரன் மகன் நீ. உங்கப்பன் ஆத்தாளக் கூட்டிக்கிட்டு நேராப் போயிக் கேட்டிருந்தா அன்னிக்கே தட்டு மாத்தியிருப்பாங்களே. கவுண்டரு மாப்பிள்ளை தேடறதே திருப்பூருப் பக்கந்தான்.

— எப்படிடா போறது? நான் போயி நின்னா, சர்வீஸ் தம்பி வந்திருக்குதுன்னு பொட்டியத் தூக்கி முன்னாடி வைப்பாங்க. முதலாளி மகன்னு சொன்னா, அப்ப இத்தன வருசமா ஊட்டுக்குள்ள எதுக்குடா வந்தேன்னு கேப்பாங்க. சர்வீஸ்காரன்னே இருந்தாப் பொண்ணு குடுக்க மாட்டாங்க. ரண்டு பக்கமும் பூட்டிக்கிச்சு. தையில எல்லாத்தையும் சொல்லீரலாம்னு இருந்தேன்.

— எந்தத் தையில?

— ஒவ்வொரு தையிலயும்.

— நல்லது. இப்பக் கேளு, நான் அந்தூட்டுக்கு எதுக்குப் போனேன்னு. பொண்ணு பாக்கப் போனோம். எங்கம்மா, அப்பன், குண்டடத்து மாமன், நானு. ஒரு கார் பேசிக்கிட்டு.

— பொண்ணா? எந்தப் பொண்ணு? அந்தூட்ல மயிலாள் ஒருத்திதான்டா!

— அவங்களையேதான்.

— உங்க அண்ணனுக்கா?

— எங்கூட்ல மூணு வருசமா அண்ணனுக்குத்தான பாத்துக்கிட்டிருக்காங்க.

— பொண்ணு... புடிச்சிருச்சா?

— அம்மாவுக்குப் புடிச்சிருச்சு. மாமன் ரண்டு தடவை பச்சி வாங்கித் தின்னாரு. வெள்ளிக்கெழமை உறுதி பண்ணிக்கலாம்னு பேச்சு.

— வேலு! வேலு, இங்க பாரு. நான் உனக்குப் பண்ணினது துரோகம். ஒத்துக்கறேன். புதுசா நாலு பொட்டி வாங்கித் தரச் சொன்னாலும் தர்றேன்...

— புதுசு ரண்டு மாசந்தான் ஓடும்னு சுடலையண்ணன் சொன்னாரே.

— அப்ப அதையே மீட்டுக் குடுக்கறேன். காலேஜ் கேட்டுல நின்னு, நாந்தான் பொய் சொன்னேன்னு கத்தறேன். எது வேணும்னாலும் பண்றேன். இந்தச் சம்பந்தத்தை மட்டும் நிறுத்திருடா. ஆறு வருசம்டா. எனக்குன்னு வேற ஒண்ணுமே இல்லடா. இன்னிக்குச் சாயங்காலமே அப்பனைக் கூட்டிக்கிட்டுப் போயிக் கால்ல உழுந்து உண்மையச் சொல்லீர்றேன். ரண்டே நாளு, வெள்ளிக்கெழமைய மட்டும் தள்ளி வைக்கச் சொல்லு.

— யாருகிட்டச் சொல்லோணும்?

— உங்க அண்ணன்கிட்டத்தான். சென்னியப்பண்ணன் நல்ல மனுசன். பொண்ணை ஒருத்தன் மனசுல வச்சிருக்கான்னு தெரிஞ்சா அவரு கட்ட மாட்டாரு. வா, இப்பவே போலாம். ஊட்லதான இருப்பாரு?

— இருக்காரு. மொட்டைத் தலையோட.

— மொட்டையா?

— போன வாரம் பழனிக்குப் போயி மொட்டை போட்டுட்டு வந்துட்டாரு. இருபத்தேழு பொண்ணு பாத்தாச்சாம், அலுத்துப் போச்சாம். இனிக் கண்ணாலப் பேச்செடுத்தா ஊட்ட உட்டே போயிருவேன்னுட்டாரு. நேத்துக் கார்லகூட அவரு வரலை.

— அப்ப நேத்து... யாருக்குடா பொண்ணு பாத்தீங்க?

— காப்பி குடிச்சு முடிச்சதும், பொண்ணும் மாப்பிள்ளையும் அஞ்சு நிமிசம் தனியாப் பேசிக்கட்டும்னு எங்க ரண்டு பேரையும் தென்னை மரத்தடிக்குத் தாட்டி உட்டாங்க குமாரு. அந்தப் புள்ள எங்கிட்டக் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். 'உங்களுக்கு டிவி கேம் ரிப்பேர் பண்ணத் தெரியுமுங்களா'ன்னு. தெரியும்னுட்டேன்.